கிளி இறகைப் பிடுங்குகிறது, எந்த ஸ்ப்ரே வாங்கலாம்?

கேள்வி: எங்கள் ஆப்பிரிக்கன் கிரே கிளிக்கு 6 வயது. இரண்டு மாதமாக நெஞ்சிலும் கால்களிலும் இறகைப் பிடுங்கிப் போடுகிறது. சில இடங்களில் தோல் தெரிகிறது. கடையில் கேட்டால் கசப்பு ஸ்ப்ரே, கூண்டில் தொங்கவிடும் பூச்சி வில்லை, கழுத்துப்பட்டை மூன்றையும் சேர்த்து வாங்கச் சொல்கிறார்கள். எதை வாங்குவது?

பதில்: இப்போதைக்கு மூன்றும் வேண்டாம். அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு, பறவைகளுக்கு வைத்தியம் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் போங்கள். இறகு பிடுங்குவது ஓர் அறிகுறிதான். தோல் தொற்று, குடலில் ஒட்டுண்ணி, கல்லீரல் கோளாறு, உடம்பில் சேர்ந்த துத்தநாகம் அல்லது ஈயம், வைட்டமின் ஏ குறைவு, தூக்கம் போதாமை, வெறும் சலிப்பு, இப்படி எதுவும் பின்னால் இருக்கலாம். இதில் எது என்று கடைக்காரருக்கு எப்படித் தெரியும்?

போகும் முன் கிளியின் தலையைப் பாருங்கள். அதன் அலகு அதன் தலைக்கு எட்டாது. தலையில் இறகு நன்றாக இருந்து, கழுத்துக்குக் கீழே மட்டும் வழுக்கை என்றால் தானே பிடுங்குகிறது. தலையிலும் இறகு இல்லையென்றால், அதனுடன் இருக்கும் இன்னொரு கிளியின் வேலையாக இருக்கலாம், அல்லது அலகு-இறகு நோய் என்கிற வைரஸ் தொற்றாக இருக்கலாம். அதற்குத் தனிப் பரிசோதனை உண்டு.

கடைக்காரர் காட்டிய பொருட்களில் எனக்கு அதிகம் கவலை தருவது அந்தப் பூச்சி வில்லைதான். வீட்டுக்குள் தனியாக வளரும் கிளிக்குப் பூச்சியால் இறகு போவது அபூர்வம். இந்த வில்லைகள் பலவற்றில் இருப்பது அந்துருண்டை வகை ரசாயனம். பறவையின் மூச்சு அமைப்பு காற்றில் கலந்த நஞ்சை நம்மைவிட வேகமாக உள்ளே இழுத்துவிடும். இரவும் பகலும் அதைப் பக்கத்திலேயே வைத்து மூச்சுவிடச் செய்யாதீர்கள். கசப்பு ஸ்ப்ரே அடித்தால் எரிச்சல் கூடி இன்னும் அதிகமாகக் கோதும் கிளிகள் உண்டு. எண்ணெய்ப் பசை உள்ளதென்றால் இறகு ஒட்டிக்கொண்டு உடல் சூடு நிற்காது. அலகு உடம்பை எட்டாமல் தடுக்கும் கழுத்துப்பட்டை, கிளி தன் சதையையே கடித்துப் புண்ணாக்கும்போது மட்டும், மருத்துவர் கையால் மாட்ட வேண்டியது.

சரி, எதற்குச் செலவு செய்யலாம்? காட்டுக் கிளி தன் நாளில் பெரும்பகுதியை இரை தேடவே செலவிடுகிறது. கூண்டுக் கிளிக்குக் கிண்ணத்தில் கொட்டினால் சில நிமிடத்தில் சாப்பிட்டு முடிந்துவிடும். மிச்ச நேரம் அந்த அலகு என்ன செய்யும்? அமேசான் கிளிக்குஞ்சுகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2003-இல் வெளிவந்தது. தேடியும் பிரித்தும் தின்னும்படி உணவு வைக்கப்பட்ட குஞ்சுகளின் இறகு நன்றாக இருந்தது. வெறுங்கூண்டில் வளர்ந்து இறகு பிடுங்கிய குஞ்சுகளுக்கும் பிறகு அதே வசதி கிடைத்தபோது நிலைமை தேறியது. இதற்கு விலை உயர்ந்த பொம்மை தேவையில்லை. அச்சடிக்காத காகிதத்தில் உணவைச் சுருட்டுங்கள், அட்டைப்பெட்டிக்குள் ஒளித்து வையுங்கள். கிளி கிழித்துப் போடட்டும், அதுதான் நமக்கு வேண்டியது.

அப்புறம் ஒரு கிராம் தராசு வாங்குங்கள். சூரியகாந்தி விதை மட்டுமே கொடுத்து வந்தீர்களென்றால் கொழுப்பு அதிகம், வைட்டமின் ஏ மிகக் குறைவு. தரமான பெல்லட் (கிளிக்கென்று தயாரித்த உருண்டைத் தீவனம்), கேரட், கீரை என்று சில வாரங்களில் மெதுவாக மாற்றுங்கள். தினமும் அந்தத் தராசில் கிளியின் எடை பாருங்கள், எடை இறங்கினால் மாற்றத்தை நிறுத்தி மருத்துவரைக் கேளுங்கள். கூண்டின் துத்தநாகப் பூச்சோ பெயின்ட்டோ உரிந்திருந்தால் கூண்டையே மாற்ற வேண்டும். எவர்சில்வர் கூண்டு விலை அதிகம்தான், ஆனால் நம்பலாம். உங்கள் கிளியின் பூர்வீகம் ஈரப்பதமான காடு என்பதால் வெறும் தண்ணீரைப் பூந்தூறலாகத் தெளியுங்கள். இரவில் 10 முதல் 12 மணி நேரம் இருட்டும் அமைதியும் கொடுங்கள்.

பிடுங்கும்போது ஓடிப்போய்க் கத்தாதீர்கள். பிடுங்கினால் ஆள் வருவார் என்று அது கற்றுக்கொள்ளும்.

கேள்வி: இறகு பிடுங்கும் காக்கட்டூ (தலையில் கொண்டை உள்ள கிளி வகை) ஒன்று குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. "இடம் மாறினால் சரியாகிவிடும்" என்கிறார் விற்பவர். நம்பலாமா?

பதில்: அந்த வாக்குறுதியை நம்பி வாங்காதீர்கள். பல காலம் பிடுங்கியதில் இறகு முளைக்கும் குழியே கெட்டுப்போயிருந்தால் அந்த இடத்தில் இனி முளைக்காது. எத்தனை நாளாகப் பிடுங்குகிறது, என்ன சாப்பிடுகிறது என்று கேளுங்கள். மருத்துவரிடம் காட்டிய சீட்டையும் வைரஸ் பரிசோதனை முடிவையும் வாங்கிப் பாருங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள். எல்லாம் சரியாக இருந்து, இறகே வராவிட்டாலும் அந்தப் பறவை உங்களுக்குப் பிடிக்கும் என்றால் கூட்டி வாருங்கள். வீட்டில் வேறு பறவை இருந்தால் குறைந்தது 30 நாள் தனி அறையில் வையுங்கள்.