ஏஐ பதிலில் எங்கள் கடை வருமா?

கேள்வி: போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்கிறோம். வாட்ஸ்அப் குழுக்களில் தினமும் பதிவு போட்டும், சாட்ஜிபிடியில் கேட்டால் எங்கள் கடைப் பெயர் வருவதில்லை. ஏன்?
– வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: வாட்ஸ்அப் குழுவுக்குள் இருப்பது ஏஐ தேடலுக்குத் தெரியாது. எல்லோரும் படிக்கக்கூடிய ரெட்டிட், கோரா போன்ற கேள்வி-பதில் தளங்களுக்கு வாருங்கள். ரெட்டிட் உரையாடல்களைப் பயன்படுத்த கூகுளும், சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐயும் 2024-ல் ஒப்பந்தமே போட்டிருக்கின்றன.

‘ஏலக்காய் வியாபாரி’ என்று அறிமுகத்தில் வெளிப்படையாக எழுதுங்கள். ஆரம்பத்தில் லிங்க் வேண்டவே வேண்டாம். புதுக் கணக்கின் லிங்கைப் பல ரெட்டிட் குழுக்களில் தானியங்கியே நீக்கிவிடும். சமையல் குழுக்களில் வரும் சந்தேகங்களுக்கு முழுசாகப் பதில் சொல்லுங்கள். 8 மி.மீ. காய்க்கு ஏன் கூடுதல் விலை, பச்சை நிறம் ஏன் வெளுக்கிறது, பொடித்து வைத்தால் மணம் ஏன் சீக்கிரம் போகிறது, போடியிலும் கேரளத்தின் புற்றடியிலும் ஏலம் எப்படி நடக்கிறது... உங்களுக்குச் சாதாரணமான இந்த விவரங்கள்தான் ஏஐ எடுத்தாளும் சரக்கு.

சொந்தக்காரர்களை வைத்துப் பாராட்டு எழுதுவது, உங்கள் பதிவுகளுக்கு ஆதரவு ஓட்டுப் போடுவது இரண்டும் கூடாது. வாங்குபவரை ஏமாற்றும் வேலை அது. பிடிபட்டால் கணக்கும் முடங்கும்.

கடைப் பெயரின் ஸ்பெல்லிங் கூகுள் மேப் உட்பட எங்கும் ஒன்றாக இருக்கட்டும். வெப்சைட் இருந்தால், அதன் ரோபோட்ஸ் கோப்பில் (எந்தத் தேடல் நிரல் தளத்தைப் படிக்கலாம் என்று சொல்லும் robots.txt) சாட்ஜிபிடி தேடலுக்கான ‘ஓஏஐ-சர்ச்பாட்’ (OAI-SearchBot) தடுக்கப்பட்டிருக்கிறதா என்று வடிவமைத்தவரிடம் கேளுங்கள்.