அந்த நிறம் மஞ்சள்தூளால் வந்ததல்ல

அம்மா, அந்த மஞ்சள் மாத்திரையை உங்கள் கணவர் இன்றே நிறுத்தட்டும். நாளைக் காலை கல்லீரல் செயல்பாட்டுக்கான ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

கடைத்தூளில் ஈயம் கலக்கிறார்களா, சிறுநீரகக் கல் வருமா, ரத்தம் நீர்த்துப்போகுமா என்று திருப்பாதிரிப்புலியூரிலிருந்து இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். உங்களைத் தூங்கவிடாமல் செய்வது கடைசி வரிகளில்தான் இருக்கிறது. மூட்டுவலிக்காக இணையத்தில் பார்த்து, மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் மாத்திரையை அவர் இரண்டு மாதமாகச் சாப்பிடுகிறார். பத்து நாளாகச் சிறுநீர் கறுத்துப் போகிறது, உடம்பு அரிக்கிறது, சோறு பிடிக்கவில்லை. “சாப்பிட்ட மஞ்சள்தான் வெளியேறுகிறது” என்கிறாராம்.

இல்லை. மஞ்சள் அதிகமானால் மலம் மஞ்சளாகலாம். சிறுநீர் பால் சேர்க்காத டீயைப்போல் ஆகாது. அந்த நிறத்தைக் கொடுப்பது பிலிரூபின் என்னும் பித்த நிறமி. கல்லீரலோ பித்தக்குழாயோ தடுமாறும்போது அது ரத்தத்தில் தேங்கிச் சிறுநீரில் இறங்குகிறது. பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் அவரை நிறுத்தி, கீழிமையை இழுத்து வெண்விழியைப் பாருங்கள். டியூப்லைட்டில் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். கண் வெள்ளையாகவே இருந்தாலும் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். கண் மஞ்சளாவதற்கு முன்பே சிறுநீர் கறுப்பது வழக்கம்.

“புதுச்சேரி பக்கத்துப் பழைய துறைமுகமான அரிக்கமேட்டுக்கு ரோமானியர் சரக்கு வந்த காலத்திலிருந்து மஞ்சளும் மிளகும் சாப்பிடுகிறோம், என்ன செய்துவிடும்?” என்று அவர் கேட்பதற்கும் பதில் சொல்கிறேன். நாம் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டது குழம்பில் போட்ட மஞ்சளை. அதன் நிறப்பொருளான குர்குமினை 1815இல்தான் முதன்முதலில் பிரித்தெடுத்தார்கள். தூளில் அது ஏறக்குறைய 3 சதவீதம். நாளுக்கு ஒரு தேக்கரண்டி போட்டாலும் சுமார் 100 மில்லிகிராம்தான் வரும். அதிலும் பெரும்பகுதி குடலோடு போய்விடும். உள்ளே நுழைகிற கொஞ்சத்தையும் கல்லீரல் உடனே மாற்றி வெளியேற்றிவிடும்.

மாத்திரையில் நடப்பது வேறு. 1998இல் பெங்களூரு ஆய்வாளர்கள் 2 கிராம் குர்குமினோடு மிளகின் காரப்பொருளான பைபரினை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தார்கள். ரத்தத்தில் சேர்ந்த அளவு 20 மடங்கு உயர்ந்தது. அதைத்தான் விளம்பரத்தில் பெருமையாகப் போடுகிறார்கள். எனக்கு அதுவே கவலை. கல்லீரல் அந்தப் பொருளை வெளியேற்றும் வழியைப் பைபரின் அடைப்பதால்தான் அந்த உயர்வு. இத்தாலியில் 2019இல் மஞ்சள் மாத்திரை சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் அழற்சி வந்தது. 2022இல் அமெரிக்க மருத்துவர்கள் இப்படிப் பாதிக்கப்பட்ட 10 பேரைப் பற்றி எழுதினார்கள். ஐந்து பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், ஒருவர் இறந்தார். எல்லோருக்கும் வருவதில்லை, குறிப்பிட்ட மரபணு உள்ளவர்களுக்கு அபாயம் கூடுதல் என்று தெரிகிறது. பெரும்பாலும் தொடங்கி ஒன்று முதல் நான்கு மாதத்துக்குள் வருகிறது. உங்கள் கணவர் அந்தக் கணக்குக்குள் இருக்கிறார். நிறுத்தினால் பெரும்பாலோர் முழுமையாகத் தேறிவிடுகிறார்கள், அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

மஞ்சளை நான் குறைத்துப் பேசவில்லை. காயத்துக்கு மஞ்சள் என்பதற்கு அமெரிக்காவில் 1995இல் காப்புரிமை கொடுத்தார்கள். நம் அரசின் அறிவியல் ஆய்வுக் குழுமமான சி.எஸ்.ஐ.ஆர். பழைய நூல்களைச் சான்றாக வைத்து வாதாடி, 1997இல் அதை ரத்துசெய்ய வைத்தது. எனக்கும் அதில் பெருமை உண்டு. மூட்டுவலி ஓரளவு குறைவதாகவும் சிறு ஆய்வுகள் சொல்கின்றன. அதற்காக யாரோ காணொளியில் சொன்ன அளவைக் கேட்டு, ரத்தப் பரிசோதனை ஒன்றும் இல்லாமல் மாதக்கணக்கில் விழுங்குவதா?

கடலூர் அரசு மருத்துவமனை பக்கம். முடிந்தால் புதுச்சேரியில் உள்ள ஜிப்மர் மருத்துவமனைக்கு வாருங்கள். பிலிரூபின், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி., ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர்., வயிற்று ஸ்கேன் பார்ப்பார்கள். மஞ்சள் மாத்திரைதான் காரணம் என்று நான் முடிவுகட்டவில்லை. தண்ணீரில் பரவும் வைரஸ், பித்தப்பைக் கல், அதைவிடப் பெரிய அடைப்பு எதுவாகவும் இருக்கலாம். அதுவரை கீழாநெல்லிச் சாறு, வலி மாத்திரை, மது எதுவும் வேண்டாம். அவர் பகலில் தூங்கி வழிந்தால், பேச்சு குழறினால், ஈறில் ரத்தம் கசிந்தால், விடாமல் வாந்தி எடுத்தால் காலைவரை காத்திருக்காதீர்கள். அந்த இரவே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுசெல்லுங்கள்.

மற்ற பயங்களுக்கு இவ்வளவு போதும். மினுமினுப்புக்காக ஈயக் குரோமேட் கலப்பது உண்மைதான். விரலி மஞ்சளாக வாங்கி மில்லில் அரைத்துக்கொள்ளுங்கள். குழம்பு மஞ்சளால் கல் வராது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மஞ்சள் மாத்திரைப் பக்கம் போகவே கூடாது.

அந்தப் புட்டியைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள், மருத்துவரிடம் எடுத்துப்போங்கள். அதில் குர்குமின் எவ்வளவு, பைபரின் எவ்வளவு என்று அவர் பார்க்க வேண்டும்.