மனம் இருண்டு கிடக்கும் நாட்களில் உங்களுக்கு ஆறுதல் தரும் சின்னச் சின்ன விஷயங்கள் என்ன?

என் பதில் கொஞ்சம் சப்பென்று இருக்கும்: காய்ந்த துணி.

சில வருடங்களுக்கு முன் ஏறக்குறைய நான்கு மாதம் எதிலும் ஒட்டாமல் கிடந்தேன். அழுகைகூட வராது. பிடித்த பாட்டைப் போட்டுவிட்டுப் பாதியில் நிறுத்திவிடுவேன். அதைக் கேட்டும் ஒன்றும் தோன்றவில்லையே என்று பயம் வந்துவிடும். 'பிடித்ததைச் செய், சரியாகிவிடும்' என்றார்கள். பிடித்தது என்று ஒன்று மிச்சம் இருந்தால்தானே!

ஒரு சாயங்காலம் திடீரென்று மேகம் கட்டியது. வேறு வழியில்லாமல் எழுந்துபோய்க் கொடியிலிருந்து துணிகளை உருவினேன். துண்டு மொடமொடவென்று இருந்தது. எல்லாவற்றையும் சேர்த்து அள்ளியபோது பகல் வெயிலின் சூடு நெஞ்சில் பட்டது. கட்டிலில் கொட்டி, துண்டை முனையோடு முனை சேர்த்து நாலாக மடித்து, உள்ளங்கையால் நீவிவிட்டேன். சந்தோஷமெல்லாம் இல்லை. ஆனால் ஏழெட்டுத் துணி மடித்து முடிக்கும்வரை மனசு பழையதைக் கிண்டவில்லை. அந்தப் பத்து நிமிடமே அப்போது பெரிய விஷயம்.

பிறகு மருத்துவரிடம் வெட்கத்தோடு இதைச் சொன்னபோது, சிகிச்சையிலேயே இதற்கு 'பிஹேவியரல் ஆக்டிவேஷன்' என்று பெயர் இருக்கிறது என்றார். 1970களில் பீட்டர் லெவின்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் செய்த ஆய்வுகள் இதற்கு அடித்தளம். ஒதுங்க ஒதுங்க நல்ல அனுபவம் குறையும். அது குறையக் குறைய இன்னும் ஒதுங்குவோம். மனசு தேறட்டும் என்று காத்திருக்காமல் சின்னதாக ஒன்றைச் செய்துவிட்டால், அந்தச் சுழலில் ஒரு இடம் அறுபடும்.

காலையில் ஜன்னல் ஓரம் உட்காருவதும் உதவியது. காலை வெளிச்சம் உடம்பின் கடிகாரத்தைச் சரிசெய்வதால் ராத்திரித் தூக்கம் கொஞ்சம் ஒழுங்குக்கு வந்தது. நாட்குறிப்பு எழுதிப் பார்த்தேன், மூன்றே நாள்தான். படுத்துக்கொண்டு போனைத் தள்ளிக்கொண்டிருந்தது ஆறுதல் போலத் தெரிந்தது, இல்லை.

ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும்: எனக்கு மாத்திரையும் தேவைப்பட்டது. இரண்டு வாரமாகப் பெரும்பாலும் தினமும் இப்படியே இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். செத்துவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் இரண்டு வாரக் கணக்கெல்லாம் வேண்டாம், இன்றைக்கே யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள்.

இப்போதும் வீட்டில் துணி மடிப்பது என் வேலைதான். சாக்ஸுக்கு ஜோடி தேடுவதை மட்டும் வேறு யாரிடமாவது தள்ளிவிடுவேன், அதில் ஒரு நிம்மதியும் இல்லை.