சபையாருக்கு ஊழியப் பயிற்சி: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

சபையாரை ஊழியத்துக்குப் பழக்குவது பற்றிக் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் முடிந்தவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் ஆயர் அல்ல. பெரம்பூரில் ரயில்வே வேலை பார்த்துக்கொண்டே பதினெட்டு ஆண்டுகளாக வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, காசிமேடு பகுதிச் சபைகளில் மாலை வகுப்பு நடத்திவருகிறேன்.

கேள்வி (கொடுங்கையூர்): எங்கள் சபையின் ஐயர் (ஆயர்) இறையியல் படித்தவர். அவர் இருக்கும்போது எங்களுக்கு எதற்குப் பயிற்சி?

எபேசியர் நான்காம் அதிகாரத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். மேய்ப்பரும் போதகரும் கொடுக்கப்பட்டதே விசுவாசிகளை ஊழியத்துக்குத் தயார் செய்யத்தான் என்று பவுல் எழுதுகிறார். நம் சரித்திரமும் அதையே சொல்கிறது. ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியது 1706-இல். ஆரோன் என்ற தமிழர் குருப்பட்டம் பெற்றது 1733-இல். இடையில் இருந்த இருபத்தேழு ஆண்டுகளும் கிராமம் கிராமமாக நடந்து, கற்றுக்கொடுத்து, நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் குருப்பட்டம் பெறாத உபதேசிமார்தான். ஆரோனும் முதலில் உபதேசியாராக இருந்தவரே.

இன்றைய நிலையையும் பாருங்கள். ஓர் ஐயருக்கு நூற்றுக்கணக்கான குடும்பங்கள். மூன்றாவது தெருவில் ஒரு பாட்டி விழுந்து இடுப்பு உடைந்து கிடக்கிறார் என்பது பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் முதலில் தெரியும். அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் என்ன செய்ய வேண்டும் என்று அறிந்திருப்பதையே நான் பயிற்சி என்கிறேன்.

கேள்வி (காசிமேடு): அண்ணா, நான் விசைப்படகில் போகிறவன். கரைக்கு வரப் பல நாள் ஆகும். ஞாயிறு மாலை வகுப்புக்கு எப்படி வருவேன்?

தம்பி, ஞாயிறு மாலை என்பது அலுவலகத்துக்குப் போகிறவர்கள் வசதிக்கு வைத்த நேரம். உங்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறதே! படகைப் பழுது பார்ப்பதும் வலை பின்னுவதும் பகலில் முடிந்துவிடும். வாரத்துக்கு மூன்று மாலை கூடினால் ஒரு முழுப் பாடத்தொகுதியை முடித்துவிடலாம். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

அந்த வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். லூக்கா ஐந்தாம் அதிகாரம் எடுத்திருந்தோம். இராமுழுதும் உழைத்தும் மீன் கிடைக்காதவர்கள் கரையில் வலை அலசிக்கொண்டிருக்கிறார்கள். நான் அதைக் கடந்து, விசுவாசம் என்று பேசத் தொடங்கினேன். அறுபது வயதுக்காரர் ஒருவர், கையில் நைலான் நூல் கிழித்த தழும்போடு, நிறுத்தச் சொன்னார். “சார், வலையை அலசிவிட்டால் அன்றைய தொழில் முடிந்தது என்று பொருள். பாசியும் சேறும் ஒவ்வொரு கண்ணிலிருந்தும் போக வேண்டும். அதை முடித்த பிறகு, மறுபடி வலையைப் போடு என்று தொழில் தெரியாத ஒருவர் சொன்னால், எங்களுக்கு முதலில் வருவது கோபம். பேதுரு போட்டானே, அது சின்ன விஷயம் இல்லை.”

நான் இருபது தடவை போதித்திருக்கும் பகுதி அது. அலசிய வலை மறுபடி அழுக்காகும் என்பது ஒரு தடவைகூட என் மனதில் தோன்றவில்லை. அன்றிலிருந்து எந்த வகுப்பிலும் நான் பேசும் முன், அந்தத் தொழில் தெரிந்தவர் யார் என்று கேட்கிறேன். உங்களைப் பாதி ஐயராக்குவது என் நோக்கம் அல்ல, தம்பி. படகுக்காரராகவே இருங்கள், வேதத்தைப் பிடித்துக் கேள்வி கேட்கப் பழகுங்கள். தடைக்காலம் தொடங்கும் வாரமே வந்துவிடுங்கள்.

கேள்வி (புளியந்தோப்பு): வீட்டு ஜெபக்கூட்டம் நடத்துகிறேன். ஆண்களும் வருகிறார்கள். பெண் போதிக்கலாமா என்று சிலர் முணுமுணுக்கிறார்கள்.

சகோதரி, வேதத்தில் அப்பொல்லோ என்ற போதகருக்கு மார்க்கத்தை இன்னும் திருத்தமாக விளக்கியவர்களில் பிரிஸ்கில்லாளும் ஒருவர். பாளையங்கோட்டையில் 1785-இல் எழுந்த ஆலயத்துக்குக் காரணமாக இருந்தவர் குளோரிந்தா அம்மையார்; அவர் குருவானவர் அல்ல. தென்னிந்தியத் திருச்சபையில் 2013-இல் ஒரு பெண், புஷ்பா லலிதா, பேராயராகவே ஆகிவிட்டார். எல்லாச் சபைகளும் இதில் ஒரே கருத்தில் இல்லை என்பதும் உண்மை. ஆகவே முணுமுணுப்பவர்களோடு நீங்கள் வாதாட வேண்டாம். உங்கள் ஐயரிடம் போய், அந்தக் கூட்டத்தின் பொறுப்பு உங்களுடையது என்று ஆராதனை அறிவிப்பில் சொல்லும்படி கேளுங்கள். அவர் சொல்ல மறுத்தால் எனக்கு எழுதுங்கள்.

கேள்வி (பழைய வண்ணாரப்பேட்டை): மருத்துவமனைச் சந்திப்புக்கு என்ன கற்றுக்கொடுக்கிறீர்கள்?

முதலில், வாயை மூடிக்கொண்டிருக்க. என் தொடக்க நாட்களில் ஓர் அரசு மருத்துவமனை வார்டில் சத்தமாக ஜெபித்தேன். பக்கத்துக் கட்டிலில், அறுவைச் சிகிச்சை முடிந்து அப்போதுதான் கண் அயர்ந்த ஒரு பெரியவர் திடுக்கிட்டு எழுந்து வலியில் முனகினார். அவர் மகள் என்னைப் பார்த்த பார்வையை இன்றும் மறக்கவில்லை. அன்று நான் செய்தது ஊழியம் அல்ல, தொந்தரவு.

அதனால் இப்போது ஒருவரை நோயாளியாகவும் ஒருவரை உறவினராகவும் வைத்து வகுப்பிலேயே ஒத்திகை பார்க்கிறோம். கட்டிலில் உட்காரக் கூடாது. பத்து நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஜெபிக்கட்டுமா என்று கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் முகம் மாறாமல் எழுந்து வர வேண்டும். மருந்தை நிறுத்து என்று எவரிடமும் சொல்லக் கூடாது. நோயாளி சொன்னதை ஜெபக்குழுவில் விண்ணப்பம் என்ற பெயரில் பரப்பவும் கூடாது. இந்தக் கடைசி விஷயத்தில்தான் நல்லவர்களும் தவறுகிறார்கள்.

கேள்வி (பெரம்பூர்): வேலையை விடாமல் சான்றிதழோடு படிக்க வழி உண்டா?

உண்டு. 1963-இல் குவாத்தமாலாவில் ஓர் இறையியல் கல்லூரி, வேலையும் குடும்பமும் உள்ள சபைத் தலைவர்களை வரவழைக்காமல் ஆசிரியரையே அவர்களிடம் அனுப்பியது. அந்த முறையில், பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு டாஃப்டி (TAFTEE) என்ற இறையியல் கல்வி அமைப்பு நடக்கிறது: வீட்டில் பாடம், குறித்த நாளில் குழுவாகக் கூடி விவாதம். தனியாகப் படிக்கப் பார்க்காதீர்கள். நான்கு பேர் சேர்ந்தால்தான் முடிப்பீர்கள்.

கேள்வி (எண்ணூர்): வேலையை ராஜினாமா செய்துவிட்டு வட இந்தியாவுக்கு மிஷனரியாகப் போக விரும்புகிறேன்.

உங்கள் வாஞ்சைக்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ராஜினாமாக் கடிதத்தை மட்டும் இன்னும் கொடுக்காதீர்கள்.

திருநெல்வேலிச் சபையார் 1903-இல் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார்கள். தமிழ்ச் சபையார் காணிக்கை போட்டு, தெலுங்கு நாட்டு தோர்ணக்கல்லுக்குத் தம் ஆளை அனுப்பினார்கள். அனுப்பும் சபை இல்லாமல் தனி ஆளாகப் போகிறவர்கள் இரண்டாம் ஆண்டில் உடைந்து திரும்புவதை நான் பார்த்திருக்கிறேன்.

இந்தி தெரியுமா? உங்கள் பக்கத்தில் மணலியிலும் எண்ணூரிலும் பீகார், ஒடிசா தொழிலாளர்கள் தகரக் கொட்டகைகளில் தங்கியிருக்கிறார்கள். ஓராண்டு ஞாயிறு மாலைகளை அவர்களோடு செலவிடுங்கள். வங்கிப் படிவம் நிரப்பிக் கொடுங்கள், காய்ச்சலுக்கு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், அவர்கள் சமைத்ததைச் சாப்பிடுங்கள். எதையும் பதிலுக்கு எதிர்பார்க்காதீர்கள். மொழியும் வரும், உங்கள் பொறுமையின் அளவும் தெரியும். ஒடிசா, மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம் போன்ற மாநிலங்களில் மதமாற்றம் குறித்த சட்டங்கள் உண்டு. போகும் முன் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பண ஆசை காட்டுவதும் பயமுறுத்துவதும் சட்டம் தடுக்காவிட்டாலும் நமக்கு ஆகாதவை.

அம்மாவிடம் சொல்லிவிட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றுமே இல்லை.

கேள்வி (ஓர் ஆயர், திருவொற்றியூர்): பயிற்சி கொடுத்தால் ஆறு மாதத்தில் தனிச் சபை தொடங்கிவிடுகிறார்களே!

ஐயா, உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் பிரிந்து போனவர்களில் பெரும்பாலோர் பயிற்சி பெற்ற பின் வேலை கொடுக்கப்படாதவர்கள். படித்தவரை ஆராதனையில் காணிக்கைப் பை எடுக்க மட்டும் நிறுத்தினால் அவர் வெளியேதான் பார்ப்பார். முதல் மாதமே ஒரு தெருவை ஒப்படையுங்கள். மாதம் ஒருமுறை அவரோடு தேநீர் குடித்து, என்ன நடந்தது என்று கேளுங்கள். பணத்தைத் தனியாக எவரிடமும் விடாதீர்கள். இருவர் எண்ணி இருவர் கையெழுத்துப் போடட்டும்.

கேள்வி (தண்டையார்பேட்டை): என் மாமியாருக்கு வாசிக்கத் தெரியாது. சேரலாமா?

தாராளமாக. எங்கள் வகுப்பில் பகுதியை மூன்று முறை சத்தமாக வாசிப்போம். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு ஒருவர் கதையைச் சொல்ல, விட்டதை மற்றவர்கள் எடுத்துக்கொடுப்பார்கள். வாசிக்கத் தெரியாதவர்கள்தான் குறைவாக விடுகிறார்கள். அவருக்குத் தெரிந்த கீர்த்தனைகளையும் கேட்டுப் பாருங்கள். எனக்குத் தெரியாத சரணங்கள் அவரிடம் இருக்கும். வெள்ளிக்கிழமை மாலை ஆறரைக்கு அழைத்து வாருங்கள். மாடிப்படி செங்குத்தாக இருக்கிறது, வாசலில் ஒரு பையனை நிறுத்திவைக்கிறேன்.