ஒரு வரி மதி

கேள்வி: எங்கள் வார்டில் மூன்று பேர் நிற்கிறார்கள். ஒருவர், "அஞ்சு வருஷத்துக்கு வரியை ஏத்த விடமாட்டேன்" என்கிறார். இன்னொருவர் கம்பெனி கொண்டுவருவேன், முக்குக்கு முக்கு ஹைமாஸ்ட் விளக்குப் போடுவேன், ஊரை வளர்ப்பேன் என்கிறார். மூன்றாவது ஒரு பெண். "குடிதண்ணி, தெருவிளக்கு, அங்கன்வாடி மூணையும் ஒழுங்கா நடத்தித் தர்றேன், நீங்க வரியை ஒழுங்காக் கட்டுங்க" என்கிறார். இப்படிக் கேட்டால் ஓட்டு விழுமா?
— வாசகி, எருத்தேம்பதி

பதில்: விழுமா விழாதா என்பதை இந்த 2025 பஞ்சாயத்துத் தேர்தலில் டிசம்பர் 13ஆம் தேதி எண்ணிச் சொல்லிவிடுவார்கள். உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து உட்காரவைத்தது 'வரி' என்ற சொல். அதைப் பற்றி எழுத எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

புத்தகத்தில் படிப்பது வரி. புலி மேல் ஓடுவது வரி. சர்க்காருக்குக் கட்டுவது வரி. நம் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் இதோடு இன்னொரு வரியும் உண்டு. மலையாளத்தில் வரி என்றால் வரிசை. நாம் கட்டும் வரியை அவர்கள் நிகுதி என்பார்கள், கரம் என்பார்கள். ஒரே சொல், இரண்டு வீடு. இதில் நம் ஜனம் படும் பாட்டைப் போன மார்ச் மாதம் கண்ணால் பார்த்தேன்.

எந்தப் பஞ்சாயத்து ஆபீஸ் என்பது வேண்டாம். மார்ச் கடைசி என்பதால் வீட்டு வரி கட்ட நல்ல கூட்டம். ஜன்னலுக்கு முன்னால் இரண்டு வரிசையாக நெருக்கிக்கொண்டு நின்றோம். உள்ளே இருந்த பையன் தலையை நீட்டி, "ரண்டு வரி வேண்டா, ஒரு வரி மதி" என்றார். எனக்கு முன்னால் நின்ற ஆத்தாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. என் பக்கம் திரும்பி, "கேட்டியா கண்ணு, ரெண்டு வரி வேண்டாமாம், ஒண்ணு போதுமாம்" என்றார். வீட்டு வரி ஒன்று, பிளாஸ்டிக் எடுத்துப்போக மாசா மாசம் கொடுக்கும் 50 ரூபாய் இன்னொன்று என்பது அவர் கணக்கு. இரண்டாவதைத் தள்ளிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார். நான் விளக்குவதற்குள் பணத்தைக் கட்டி, ரசீதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு நடந்துவிட்டார்.

அடுத்த வாரம் பச்சைக் கோட்டுப் போட்டு வீடு வீடாகப் பிளாஸ்டிக் எடுக்கும் ஹரித கர்ம சேனைப் பெண் சாக்கோடு வந்து நின்றபோது, "ஆபீஸ்லயே வேண்டாம்னு சொல்லிட்டாங்க சாமி" என்று ஆத்தா சாதித்துவிட்டார். என் வீடு நாலு வீடு தள்ளித்தான். போய்ப் பார்த்தால் அந்தப் பெண் சாக்கை ஓரமாக வைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஆத்தா, இது வரி இல்லீங்க, எங்க கூலி. நீங்க கழுவி வெக்கற கவரை நாங்க கொண்டுபோய்ப் பிரிக்கறோம். அதுக்கு இந்த அம்பது." ஆத்தா முந்தானை முடிச்சை அவிழ்த்து 50 ரூபாயை எடுத்துக் கொடுத்தார், ஒரு சொம்பு மோரும் கொடுத்தார். அப்புறம் கேட்டார்: "உங்கூலி புரிஞ்சுது கண்ணு. அந்த ஆபீஸ்ல கட்டினனே, அது எங்க போவுது?"

அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. நானும் மெல்லத்தான் வாயைத் திறந்தேன். ஏனென்றால் அதற்குள் என் கண் அந்த வீட்டின் மேல் போயிருந்தது. இரண்டு அறை, ஒரு சமையல் கட்டு, ஓட்டுக் கூரை. மறுநாள் நானும் என் பையனும் டேப் பிடித்து அளந்தோம். திண்ணையோடு சேர்த்து 540 சதுர அடி. 2023 ஏப்ரல் முதல் கேரளத்தில் 60 சதுர மீட்டர் வரைக்குமான வீட்டுக்கு, அதாவது ஏறக்குறைய 645 சதுர அடிக்கு, சொந்தக்காரர் அதிலேயே குடியிருந்தால் வரி கிடையாது. எழுதி விண்ணப்பிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆத்தா வரிசையில் நின்றிருக்கவே வேண்டாம். அந்த அறிவிப்பு ஆபீஸ் சுவரில் மாதக்கணக்கில் ஒட்டியிருந்தது, மலையாளத்தில் மட்டும்.

நான் இந்தப் பக்கத்தில் எத்தனையோ தடவை எழுதியதுதான், இன்னும் எழுதுவேன். 1969ஆம் வருஷத்து கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மைப் பகுதிகளில் உள்ள சர்க்கார் ஆபீஸுக்குத் தமிழில் எழுதவும், தமிழில் பதில் வாங்கவும் நமக்கு இடம் கொடுத்திருக்கிறது. ஓட்டுக் கேட்கும்போது தமிழ் வருகிறது. ஓட்டு எந்திரத்தில் வேட்பாளர் பெயர் தமிழிலும் வருகிறது. ஓட்டுப் போட்ட மறுநாள் தமிழ் எங்கே போகிறது?

இப்போது உங்கள் முதல் வேட்பாளரைப் பார்ப்போம். வரியை ஏற்ற விடமாட்டேன் என்கிறார். அது அவர் கையில் இல்லை. கட்டிடத்தின் பரப்பை வைத்துத்தான் வரி. சதுர மீட்டருக்குக் குறைந்தது இவ்வளவு, அதிகம் போனால் இவ்வளவு என்று திருவனந்தபுரம் வரம்பு கட்டுகிறது. அதற்குள் ஒரு விகிதத்தைப் பஞ்சாயத்துக் கமிட்டி எடுத்துக்கொள்ளும். அதற்கு மேல் 2023 முதல் வருஷா வருஷம் 5 சதவீதம் தானாக ஏறுகிறது. ஒரு வார்டு மெம்பர் எழுந்து கையைக் குறுக்கே நீட்டினால் இது நிற்காது. ஆனால் அவரால் ஆகக்கூடிய ஒன்று உண்டு. வீடு வீடாக டேப் பிடித்து, கட்ட வேண்டாதவர்களைக் கண்டுபிடித்து விண்ணப்பம் எழுதிக் கொடுக்கலாம். அதைச் செய்வேன் என்று சொன்னால் நானே அவருக்கு நோட்டீஸ் ஒட்டுகிறேன்.

இரண்டாமவர் கம்பெனி கொண்டுவருவேன் என்கிறார். வளர்ச்சிக்கு நான் எதிரி என்று ஒரு நண்பர் பத்து வருஷமாகச் சொல்லி வருகிறார். அவருக்கும் சேர்த்தே சொல்கிறேன். நமக்குக் கூப்பிடு தூரத்தில் பெருமாட்டிப் பஞ்சாயத்து இருக்கிறது. அங்கே பிளாச்சிமடையில் 2000ஆம் வருஷம் கோகோ கோலா கம்பெனி வந்தது. பஞ்சாயத்துக்கு வரி வந்தது, லைசென்ஸ் கட்டணம் வந்தது. கொஞ்ச நாளில் பக்கத்துக் காலனிக் கிணறுகளில் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் போனது. சோறு வேகவில்லை, குளித்தால் அரிப்பு. 2002 ஏப்ரலில் மயிலம்மாவும் மற்ற ஆதிவாசிப் பெண்களும் கம்பெனி வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். 2003 ஏப்ரலில் பெருமாட்டிப் பஞ்சாயத்து, வருகிற வருமானத்தை விட்டுவிட்டு, லைசென்ஸைப் புதுப்பிக்க மாட்டோம் என்று தீர்மானம் போட்டது. 2004 மார்ச்சில் கம்பெனி நின்றது. உயர்மட்டக் குழு 216 கோடி ரூபாய் சேதம் என்று கணக்குச் சொன்னது. அதை வாங்கித் தர 2011இல் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது. அது சட்டமாகவே இல்லை, அந்த ஜனங்களுக்குக் காசு போய்ச் சேரவில்லை. மயிலம்மா 2007இலேயே கண்ணை மூடிவிட்டார்.

அந்தப் பெருமாட்டிப் பஞ்சாயத்துக் கமிட்டியில் இருந்தவர்களும் நம் மாதிரி வார்டு மெம்பர்கள்தான். உங்கள் இரண்டாமவரிடம் இதைக் கேளுங்கள்: கம்பெனி எத்தனை போர் போடும், எத்தனை அடிக்குப் போகும்? ஆழியாற்றில் தண்ணீர் விட்டால்தான் நம் பக்கம் நெல் என்ற நிலைமை. பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் வருஷத்துக்கு 7.25 டிஎம்சி நமக்கு வர வேண்டும். அதற்கே ஒவ்வொரு வருஷமும் சண்டை. மழை மறைவில் கிடக்கிற ஊரில் வளர்ச்சி என்று சொல்கிறவர் முதலில் தண்ணீர்க் கணக்கைச் சொல்லட்டும். ஹைமாஸ்ட் விளக்கு அப்புறம் எரியட்டும்.

அப்புறம், பொள்ளாச்சி வாசகர் ஒருவர். "உங்க கேரளாவில் மூச்சு விட்டாலும் வரி, எங்க பக்கம் கம்மி" என்று மாதம் ஒரு கார்டு போடுகிறார். ஐயா, உங்கள் ஊராட்சிக்கு 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்தது. அன்றிலிருந்து தனி அலுவலர்தான் பார்க்கிறார். நீங்கள் கட்டும் கம்மி வரி எங்கே போகிறது என்று எந்த மெம்பரைப் பிடித்துக் கேட்பீர்கள்? உங்களோடு எனக்குப் பகை இல்லை. உங்களுக்கும் சீக்கிரம் தேர்தல் வர வேண்டும் என்று மனசார ஆசைப்படுகிறேன்.

மூன்றாமவருக்கு வருகிறேன். வரியைக் கட்டுங்கள் என்று தேர்தல் நேரத்தில் வாய்விட்டுச் சொல்ல நெஞ்சு வேண்டும். என் தாத்தா வீடு பனை ஓலைக் கூரை. கைமரத்துக்குக் குறுக்கே மூங்கில் சிம்பு வைத்துக் கட்டுவார்கள், அதற்கு வரிச்சு என்று பெயர். ஓலையைத் தாங்குவது அதுதான். கீழே படுத்தபடி ஒவ்வொரு வரிச்சாக எண்ணலாம், எது இற்றுவிட்டது என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். வரிக் கணக்கும் அப்படி அண்ணாந்து பார்த்தால் தெரிய வேண்டும். கேரளத்தில் ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு கிராமசபை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது கூட்டியாக வேண்டும். தொடர்ந்து இரண்டு தடவை கூட்டாத மெம்பரின் பதவியே போய்விடும். வார்டு ஓட்டர்களில் பத்தில் ஒரு பங்கு வந்தால்தான் கூட்டம் செல்லும். போன தடவை எங்கள் வார்டுக் கூட்டத்தின் கையெழுத்து நோட்டு வீட்டுக்கு வந்தது, கூட்டம் வரவில்லை. அந்தப் பெண் கணக்கை அங்கே தமிழில் படிப்பாரா என்று கேளுங்கள். படிப்பேன் என்றால் என் ஓட்டு உங்கள் வார்டில் இல்லையே என்று வருத்தப்படுவேன்.

இந்த இதழோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். வரி ரசீது, வரிவிலக்கு அறிவிப்பு, கிராமசபை நோட்டீஸ் மூன்றும் தமிழில் வேண்டும் என்று பஞ்சாயத்துச் செயலருக்கு எழுதிய விண்ணப்பம். ஓட்டு நாளான டிசம்பர் 11ஆம் தேதிக்குள் மூன்று பேரிடமும் நீட்டிக் கையெழுத்துக் கேளுங்கள். யார் போட்டார்கள், யார் போடவில்லை என்று எனக்கு எழுதுங்கள். பெயரோடு அடுத்த இதழில் வரும். ஆத்தாவின் விண்ணப்பத்தை நானே எழுதிக் கொடுத்தேன், தமிழில்தான். எட்டு மாதமாகிறது, பதில் வரவில்லை. அடுத்த வாரம் அவரைக் கூட்டிக்கொண்டு மறுபடி அந்த ஜன்னலுக்குப் போகிறேன்.