ஏற்காட்டுக் கடைக்காரர் உங்கள் ஓவியத்தை மக்கில் போட்டு விற்கக் கேட்டால்

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறேன். ஏற்காட்டுக் காட்சிகளை வாட்டர்கலரில் வரைகிறேன், சில படங்கள் ஐபேடிலும் இருக்கின்றன. ஏற்காட்டில் பரிசுப்பொருள் கடை வைத்திருப்பவர் ஒருவர், "ஒரு படத்துக்கு 3,000 ரூபாய் தருகிறேன், மக், டி-ஷர்ட், துணிப்பை, போஸ்ட்கார்டு எல்லாவற்றிலும் போட்டுக்கொள்கிறேன்" என்கிறார். காட்டெருமைப் படம் ஒன்றை மாதிரிக்கு மக்கில் அச்சடித்தும் காட்டினார். படத்தைச் சுற்றி அழுக்கு மஞ்சளாக ஒரு கட்டம் தெரிகிறது, நிறமும் மங்கல். 3,000-க்கு ஒப்புக்கொள்ளலாமா? அச்சை எப்படிச் சரிசெய்வது? நானே அச்சடித்து விற்பது மேலா?

பதில்: தொகையைப் பேசுவதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். அவர் கேட்பது நீங்கள் ஏற்கெனவே வரைந்து வைத்திருக்கும் படமா, இனி அவருக்காக வரையப் போகும் படமா? 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி வரைந்தவரே முதல் உரிமையாளர். ஆனால் அதே பிரிவில் ஒரு விலக்கு உண்டு. ஒருவர் கேட்டு, காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியம் என்றால், வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாதவரை, கேட்டவரே அதன் முதல் உரிமையாளர். "கிளியூர் அருவி ஒன்று வரைந்து கொடுங்கள், 3,000 தருகிறேன்" என்று வரும் வாட்ஸ்அப் செய்திக்கு "சரிங்க" என்று மட்டும் பதில் போட்டு வரைந்து கொடுத்தால், அந்த அருவி உங்கள் கையை விட்டுப் போய்விடும். காட்டெருமை உங்கள் விருப்பத்துக்கு வரைந்தது என்பதால் அதில் இந்தச் சிக்கல் இல்லை. இனி கேட்டு வரும் வேலைக்கு, தூரிகையைத் தொடுவதற்கு முன்பே "பதிப்புரிமை ஓவியருக்கே, கடைக்கு அச்சிடும் உரிமம் மட்டும்" என்று எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

உரிமக் கடிதத்தில் எந்தப் படம், எந்தப் பொருள், எத்தனை எண்ணிக்கை, எந்த ஊர், எவ்வளவு காலம் என்ற ஐந்தும் இருக்க வேண்டும். காலம் எழுதாமல் விட்டால் சட்டம் அதை 5 ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும். இடம் எழுதாமல் விட்டால் இந்தியா முழுக்க என்று ஆகிவிடும். ஏற்காட்டில் ஒரு கடைக்குக் கொடுத்ததாக நீங்கள் நினைத்துக்கொண்டிருக்க, அதே மக் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் தொங்கும், கேட்கவும் முடியாது.

தொகைக்கு வருவோம். விற்பனையில் இத்தனை சதவீதம் என்ற ராயல்டி முறை, கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டும் நிறுவனங்களுக்குச் சரிப்படும். சீசனில் கல்லாவை நிமிர்ந்து பார்க்கவே நேரமில்லாத சிறு கடையிடம் அது நடக்காது, கடைசியில் மனக்கசப்புதான் மிஞ்சும். அதற்குப் பதில் லாட் கணக்கில் பேசுங்கள். 350 ரூபாய்க்கு விற்கும் மக் ஒன்றுக்கு 20 ரூபாய் உங்கள் பங்கு என்று வைத்தால், அது விற்பனை விலையில் 6 சதவீதத்துக்கும் குறைவுதான். 200 மக்குக்கு 4,000 ரூபாய், அச்சுக்குப் போகும் முன் முழுத்தொகை. 200 தீர்ந்ததும் அடுத்த லாட்டுக்கு மறுபடி பணம். இந்தக் கணக்கில் அவர் சொல்லும் 3,000 ரூபாய் 150 பொருளோடு முடிந்துவிடுகிறது. நான்கு வகைப் பொருளுக்குப் பிரித்தால் வகைக்கு 40 கூட வராது. எண்ணிக்கை வரம்பு இல்லாத 3,000-ஐ நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். மக்குக்கு மட்டும், 150 எண்ணிக்கை என்றால் தாராளமாக வாங்கலாம்.

இப்போது அந்த மஞ்சள் கட்டம். அது அச்சகத்தார் தவறு அல்ல, உங்கள் ஓவியத் தாளின் நிறம். வாட்டர்கலர் தாள் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிந்தாலும் ஸ்கேனில் லேசான கிரீம் நிறமாகவே பதியும். மக் அச்சில் வெள்ளை மை கிடையாது, மக்கின் வெள்ளைதான் வெள்ளை. அதன்மேல் தாளின் கிரீம் நிறம் செவ்வகமாக ஏறி அழுக்குப்போல் தெரிகிறது. செல்போனில் எடுத்த படம் என்றால் ஒரு மூலை வெளிச்சமாகவும் மறு மூலை இருட்டாகவும் வேறு இருக்கும்.

ஏ4 ஓவியத்தை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி), ஸ்கேனரின் தானியங்கி நிறத் திருத்தத்தை அணைத்துவிட்டு, தரம் குறையாத டிஃப் (TIFF) ஃபைலாக எடுங்கள். 4961 × 7016 பிக்சல் கிடைக்கும். 300 டிபிஐயில் அதை ஏ2 அளவு வரை அச்சடிக்கலாம். பிறகு போட்டோஷாப்பில் வெளிச்சம்-இருட்டைத் திருத்தும் லெவல்ஸ் கருவியைத் திறந்து, வெள்ளை முனையை உள்ளே நகர்த்தித் தாளைத் தூய வெள்ளையாக்க வேண்டும். ஏற்காட்டுப் படங்களில் இங்கேதான் கை நடுங்கும். மூடுபனிக்கு நீங்கள் போட்ட மெல்லிய சாம்பல் பூச்சும் தாளின் நிறமும் கிட்டத்தட்ட ஒன்று. தாளை வெளுக்கப் போனால் முதலில் காணாமல் போவது பனிதான். அப்படிப்பட்ட படத்தில் லெவல்ஸை மொத்தமாக ஓட்டாமல், உருவத்துக்கு வெளியே உள்ள தாளை மட்டும் மாஸ்க் போட்டு (மற்ற இடத்தை மறைத்து) வெள்ளையாக்குங்கள். அல்லது காட்சிக்கு நேர்க்கோட்டு விளிம்பு கொடுத்து, பனியை அந்தச் சட்டத்துக்குள்ளேயே நிறுத்திவிடுங்கள். முடித்ததும் கறுப்பு முனையைத் தற்காலிகமாக வலது கோடி வரை இழுத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருந்த கறை, பென்சில் தடம், தூசி எல்லாம் கறுப்பாகத் தெரியும். துடைத்துவிட்டு முனையைப் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள்.

மங்கலுக்குக் காரணம் வேறு. மக்கில் செய்வது சப்ளிமேஷன். தாளில் அச்சான மை சூட்டில் ஆவியாகி, மக்கின் மேல் உள்ள பாலிமர் பூச்சுக்குள் போய் உட்கார்கிறது. ஹீட் பிரஸ்ஸில் வைத்துச் சூடாக்குவதற்கு முன் அந்தத் தாள் எப்போதும் மங்கலாகத்தான் இருக்கும், சூடுபட்டதும்தான் நிறம் திறக்கும். ஏறக்குறைய 180 டிகிரி செல்சியஸில் 3 நிமிடம் என்பது பொதுவான அளவு. மெஷினுக்கு மெஷின் கொஞ்சம் மாறும். முடிந்த மக்கும் மங்கலாக இருந்தால் சூடோ நேரமோ போதவில்லை, அல்லது மக்கின் பூச்சு மட்டம். கறுப்பு பழுப்பாகி, விளிம்பு பூத்துப்போயிருந்தால் சூடு மிஞ்சிவிட்டது. நடுவில் நன்றாக இருந்து மேலும் கீழும் மட்டும் வெளிறியிருந்தால், ஹீட்டர் பட்டை அங்கே சரியாக அழுந்தவில்லை. படத்தை விளிம்பிலிருந்து 8 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி வையுங்கள். வழக்கமான 325 மில்லி மக்குக்கு 20 × 8 சென்டிமீட்டர் படம் சரியாக இருக்கும். 300 டிபிஐயில் அது 2362 × 945 பிக்சல்.

ஐபேட் படங்கள் மங்கினால் கேன்வாஸின் நிற அமைப்பையும் பாருங்கள். டிஸ்ப்ளே பி3 என்ற விரிந்த நிற அமைப்பில் வரைந்த பளீர்ப் பச்சையும் நீலமும் அச்சில் கிடைக்காது. அடுத்த படத்தை எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிற அமைப்பில் தொடங்குங்கள். மக்குக்கும் டி-ஷர்ட்டுக்கும் அனுப்பும் ஃபைலை நீங்களாகவே சிஎம்ஒய்கே என்ற நான்கு மை நிற அமைப்புக்கு மாற்ற வேண்டாம், அச்சகத்தின் மென்பொருள் அதைப் பார்த்துக்கொள்ளும். படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பியும் அனுப்ப வேண்டாம். அவர்களும் திருப்புவார்கள், 'ஏற்காடு' என்ற எழுத்து வலமிருந்து இடமாக வந்து நிற்கும். தமிழ் எழுத்துகளை வடிவமாக, அதாவது கர்வ்ஸாக மாற்றித்தான் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அச்சகக் கணினியில் எழுத்துரு இல்லாமல் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிரிந்துவிடும்.

டி-ஷர்ட்டில் இப்போது பெரும்பாலும் டிடிஎஃப், அதாவது பிலிமில் அச்சடித்துத் துணிக்கு மாற்றும் முறை. பிலிமில் வண்ண மை, அதன்மேல் வெள்ளை மை, அதன்மேல் பசைத்தூள். இதை 150 முதல் 160 டிகிரியில் 10-15 வினாடி அழுத்தித் துணியில் ஏற்றுவார்கள். வாட்டர்கலருக்கு இது அவ்வளவாக ஒத்துவராத முறை என்பதைச் சொல்லிவிட வேண்டும். கரைந்து மறையும் விளிம்புக்கு அடியிலும் வெள்ளை மை போகும், கறுப்புச் சட்டையில் படத்தைச் சுற்றி வெள்ளைப் பொடி தூவினாற்போல் தெரியும். மயிரிழைக் கோட்டில் தூள் பிடிக்காது, இரண்டாம் சலவையில் உதிரும். கோடு 1 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பாருங்கள். மார்பு முழுக்க நிரம்பிய செவ்வகம் பிளாஸ்டிக் ஒட்டியதுபோல் வேர்க்கும். சேலத்து மே மாதத்தில் அந்தச் சட்டையை இரண்டாம் முறை யாரும் போட மாட்டார்கள். காட்டெருமையை மட்டும் வெட்டி எடுத்து, விளிம்பைத் திட்டமாக்கி, இடையிடையே துணி தெரியும்படி அமையுங்கள். ஏ5 அளவில் வரைந்த ஐபேட் படத்தின் அகலம் 1748 பிக்சல்தான். அதை 30 சென்டிமீட்டருக்கு விரித்தால் 148 டிபிஐ ஆகிவிடும், கோடுகள் படிக்கட்டாகத் தெரியும்.

சட்டையில் அச்சைவிடப் பெரிய தொல்லை ஸ்டாக். ஐந்து அளவு, இரண்டு நிறம் என்றாலே பத்து வகை. 50 சட்டை வாங்கினால் வகைக்கு ஐந்துதான். எம், எல் தீர்ந்து, இரட்டை எக்ஸ்எல் அலமாரியில் உறங்கும். பிலிமை மட்டும் அச்சடித்து வைத்துக்கொண்டு, கேட்கும் அளவில் பிளெயின் சட்டை எடுத்து அழுத்தித் தருவதே லாபம். பிலிம் மீட்டர் கணக்கில் வரும், 60 சென்டிமீட்டர் அகலம். 27 × 30 அளவில் ஒரு மீட்டரில் ஆறு படம் அடங்கும், மிஞ்சும் பட்டையில் பைக்கான சிறு படங்களை நிரப்பலாம். மலைமேல் வைத்து அழுத்துவதாக இருந்தால், பிலிமை வைப்பதற்கு முன் வெறும் சட்டையை 5 வினாடி அழுத்தி ஈரத்தை விரட்ட வேண்டும். பனிக்காலத்தில் இதை விட்டுவிட்டால் மூலைகள் உரிந்து வரும்.

காடாத் துணிப்பைக்கு ஒரு நிறம் அல்லது இரண்டு நிறத்தில் ஸ்கிரீன் பிரிண்டிங் போதும், அழகும் அதுதான். நிறத்துக்கு ஒரு ஃபிரேம் என்பதால் 50 பைக்குக் கீழே கட்டுப்படியாகாது. துணி முழுக்க ஓடும் டிசைனைப் பொருளுக்கென்றே வரைந்தால் ஒரு எச்சரிக்கை. டிசைன் சட்டத்தில் பதியத்தக்க ஒன்றைப் பதியாமல், தொழில்முறையில் 50 பிரதிக்கு மேல் அடித்துவிட்டால் அதன் பதிப்புரிமை போய்விடும் என்கிறது பதிப்புரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு. பதிவதானால், படத்தை எங்கும் வெளியிடுவதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.

போஸ்ட்கார்டுதான் தொடங்குவதற்கு எளிது. ஏ6 அளவு, சுற்றிலும் 3 மில்லிமீட்டர் பிளீட் (வெட்டுக்கோட்டுக்கு வெளியே நீளும் படம்), 300 ஜிஎஸ்எம் எடையுள்ள அட்டை. 13 × 19 அங்குலத் தாளில் எட்டு அடங்கும். ஒரு பக்கம் மட்டும் லேமினேஷன் போட வேண்டாம். ஏற்காட்டு ஈரத்தில் லேமினேஷன் இல்லாத பக்கம் மட்டும் உப்பி, அட்டை அப்பளம்போல் வளையும். எழுதும் பக்கம் பளபளப்பில்லாததாக இருந்தால்தான் பேனா பிடிக்கும்.

என்ன வரைவது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் ஒன்று: கோட்டை மாரியம்மனை மக்கில் போட வேண்டாம். எச்சில் படும், கழுவித் தேய்க்கும் பாத்திரம். வாங்குவோர் முகம் சுளிப்பார்கள். பழைய படநிறுவனமான மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவு போன்ற கட்டடங்களை வரையச் சட்டத்தில் தடையில்லை. நடிகர் முகமும் படக் காட்சியும் வேண்டாம். சேலத்துத் தின்பண்டமான தட்டுவடை செட்டின் படத்தைச் சேலத்துக்காரர் வாங்குவார், மலைக்கு வரும் வெளியூர்க்காரர் காட்டெருமையைத்தான் எடுப்பார்.

நீங்களே அச்சடித்து விற்பதற்கான கணக்கு இது. எண்கள் எடுத்துக்காட்டுக்கு, உங்கள் ஊர் விலையை இதில் போட்டுப் பாருங்கள். பிளாங்க் (அச்சில்லாத) மக் 70, அச்சுக்கூலி 40, பெட்டி 20 என்று ஒன்றுக்கு 130, நூறுக்கு 13,000. பூச்சுக் குறை, உடைசல் என்று ஆறு கழியும். 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிப் போகிற சரக்கு அல்லவா, தடுப்பு வைத்த அட்டைப்பெட்டி இல்லாவிட்டால் இன்னும் கூடவே போகும். மீதி 94-ஐக் கடைக்கு 210-க்குக் கொடுத்தால் 19,740. கையில் நிற்பது 6,740, வண்டிச் செலவு தனி. உரிமம் மட்டும் கொடுத்தால் நூறுக்கு 2,000, ஆனால் உங்கள் காசு ஒரு ரூபாய்கூட முடங்காது. கடைக்காரர் 'விற்றால் பணம்' என்று சொன்னால் 13,000 மாதக்கணக்கில் அலமாரியில் கிடக்கும். ரொக்கம் தருபவருக்கு மட்டும் சொந்தச் சரக்கு, மற்றவர்களுக்கு உரிமம் என்று பிரித்துக்கொள்வது நல்லது. மெஷின் வாங்குவதை இப்போது யோசிக்கவே வேண்டாம். சப்ளிமேஷன் பிரிண்டர் சில நாள் சும்மா இருந்தாலே மை தெளிக்கும் ஹெட் அடைத்துக்கொள்ளும். வேலை குறைவாக இருக்கும்வரை கூலிக்கு அடிப்பதே மலிவு.

ஜிஎஸ்டியில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஆண்டுக்கு 40 லட்சம் என்ற வரம்பு பொருள் மட்டும் விற்பவருக்கு. உரிமக் கட்டணமும் வாங்கினால் அது சேவை, வரம்பு 20 லட்சம். வெளிமாநிலத்துக்குப் பொருள் விற்றால் தொகை சிறிதென்றாலும் பொதுவாகப் பதிவு கட்டாயம். பெங்களூருக்கு மக் அனுப்பத் தொடங்கும் முன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

மே மாதக் கோடை விழாக் கூட்டத்துக்குச் சரக்கு வேண்டும் என்றால் மாதிரி மார்ச்சிலேயே கைக்கு வந்திருக்க வேண்டும். கடைக்காரருக்கு இப்படி எழுதுங்கள்: "அண்ணா, வணக்கம். காட்டெருமைப் படத்தை மக்கில் மட்டும், 200 எண்ணிக்கை வரை, ஏற்காட்டில் உள்ள உங்கள் கடையில் விற்பதற்கு, ஓராண்டுக்கு உரிமம் தருகிறேன். கட்டணம் 4,000 ரூபாய், அச்சுக்கு முன். பதிப்புரிமை என்னிடமே இருக்கும். திருத்திய ஃபைலை அனுப்புகிறேன். புது மாதிரி மக் ஒன்றை நான் பார்த்துச் சரி சொன்ன பிறகு மீதியை அடியுங்கள். சட்டை, பை, கார்டுக்குத் தனித்தனியாகப் பேசிக்கொள்ளலாம்." அவர் ஒப்புக்கொண்டால் இதையே தாளில் அச்சடித்து, இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.