டயாலிசிஸில் எச்சிவி: ரிப்போர்ட்டில் ‘நெகட்டிவ்’ என்றால் போதுமா?

இந்த முறை மும்பை வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் பெரும்பாலும் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸ் (எச்சிவி) பற்றியே இருப்பதால் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். வைரல் மார்க்கர் எல்லாம் நெகட்டிவ். புது டாக்டர் ஆர்என்ஏ டெஸ்ட்டும் எடுக்கச் சொல்கிறார். காசு பிடுங்கும் வேலையா டாக்டர்? (தாராவி)

இல்லை, அவர் கேட்பது நியாயம். மார்க்கர் என்று எடுக்கும் எலைசாவோ கார்டு டெஸ்ட்டோ வைரஸைத் தேடுவதில்லை, வைரஸை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைத்தான் தேடுகிறது. கிருமி உள்ளே வந்து அந்த எதிர்ப்பொருள் ரத்தத்தில் தெரிய 2, 3 மாதம் ஆகிவிடும். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு எதிர்ப்புசக்தியே மந்தம் என்பதால் சிலருக்கு அது இன்னும் தாமதமாகும், சிலருக்குச் சரியாக உண்டாகாமலே போகும், ஆக வைரஸ் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே ரிப்போர்ட்டில் நெகட்டிவ் என்று வரும். ஆர்என்ஏ டெஸ்ட் வைரஸையே பிடிக்கிறது, தொற்றிய 1, 2 வாரத்திலேயே தெரிந்துவிடும். டயாலிசிஸ் தொடங்கும்போதும், சென்டர் மாறும்போதும், பிறகு 6 மாதத்துக்கு ஒருமுறையும் எச்சிவி பார்க்க வேண்டும் என்பது சிறுநீரக மருத்துவத்தில் பலரும் பின்பற்றும் கேடிகோ என்ற சர்வதேச அமைப்பின் வழிகாட்டுதல். தொடக்கத்தில் ஒருமுறையாவது ஆர்என்ஏ பார்த்துவிடுங்கள் என்றுதான் நானும் சொல்வேன்.

எனக்கு எஸ்ஜிபிடி (கல்லீரல் நொதி) 34. லேபில் 40 வரை நார்மல் என்று போட்டிருக்கிறது. கல்லீரல் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா? (செம்பூர்)

அந்த 40 பொதுவான ஆட்களுக்கான அளவு. டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு எஸ்ஜிபிடி இயல்பாகவே குறைவாக இருக்கும். மாதாமாதம் 12, 14 என்று வந்துகொண்டிருந்தவருக்குத் திடீரென்று 34 வந்தால், லேப் அதைத் தடித்த எழுத்தில் போடாவிட்டாலும், நான் உடனே ஆர்என்ஏ எழுதிக்கொடுப்பேன். பழைய ரிப்போர்ட்டுகளை வரிசையாக அடுக்கிப் பாருங்கள். எப்போதுமே 30-ஐ ஒட்டித்தான் இருந்தது என்றால் அவ்வளவு கவலைப்பட வேண்டாம். ஆனால் எஸ்ஜிபிடி ஏறாமலே எச்சிவி இருக்கலாம் என்பதால், அதை மட்டும் நம்பி மற்ற டெஸ்ட்டை விட்டுவிடக் கூடாது.

கோவில் கொடைக்குத் திருநெல்வேலி போயிருந்தேன், அங்கே நான்கு தடவை டயாலிசிஸ் எடுத்தேன். திரும்பி வந்ததும் இங்கே மறுபடி மார்க்கர் கேட்கிறார்கள். போன மாதம்தானே எடுத்தேன்? (சயான் கோலிவாடா)

கேட்பது சரிதான், ஆனால் வந்த அன்று எடுக்கும் எலைசா நீங்கள் ஊருக்குக் கிளம்பும் முன் இருந்த கதையைத்தான் சொல்லும். வந்து இரண்டு மூன்று வாரம் கழித்து ஆர்என்ஏ எடுத்தால் அந்த நான்கு தடவைகளைப் பற்றி ஏதாவது தெரியும். அதற்காக ஊருக்கே போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன், கொடையை விட்டுவிட்டு இங்கே உட்கார்ந்து என்ன செய்யப் போகிறீர்கள்? அங்கே புது டயாலைசர் (ரத்தத்தைச் சுத்தம் செய்யும் வடிகட்டி) போடச் சொல்லுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெபாரினை எங்கே வைத்து ஏற்றுகிறார்கள் என்றும் பாருங்கள். ஒரே குப்பியைக் கட்டில் கட்டிலாகத் தூக்கிக்கொண்டு வந்தால் வாய் திறந்து கேளுங்கள்.

ஆர்என்ஏ ரத்தம் எப்போது கொடுக்க வேண்டும்? டயாலிசிஸ் முடியும்போது டியூபிலேயே எடுத்துக்கொள்கிறோம் என்கிறார் டெக்னீஷியன். (முலுண்ட்)

வேண்டாம். ஹெபாரின் கலந்த ரத்தம் ஆர்என்ஏ-வைக் கண்டுபிடிக்கும் பிசிஆர் வேலையைக் கெடுக்கும், டயாலிசிஸின்போது வைரஸ் அளவும் கொஞ்சம் இறங்கலாம். ஃபிஸ்டுலாவில் (டயாலிசிஸ் ஊசி போடக் கையில் இணைத்து வைத்த ரத்தக்குழாய்) ஊசி போட்டதும், ஹெபாரின் ஏற்றுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும்.

ஆர்என்ஏ-வும் நெகட்டிவ். ஆனாலும் கல்லீரலுக்குள் ஒளிந்திருக்கும் என்று நெட்டில் படித்தேன். தூக்கமே வரவில்லை.

ரத்தத்தில் தென்படாமல் கல்லீரல் செல்லிலும் வெள்ளையணுவிலும் எச்சிவி ஆர்என்ஏ இருப்பதை 2004-ல் ஸ்பெயினில் இருந்து எழுதினார்கள். டயாலிசிஸ் நோயாளிகளிடமும் சில ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். அது நோயாக மாறுமா என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை, வழக்கமாக அதைத் தேடச் சொல்லும் வழிகாட்டுதலும் கிடையாது. காரணம் தெரியாமல் எஸ்ஜிபிடி உயர்ந்தே இருந்தால் அப்போது பேசலாம். இப்போது தூங்குங்கள்.

பக்கத்துக் கட்டில்காரருக்கு எச்சிவி பாசிட்டிவ். தனி மெஷின் கேட்டால் முறைக்கிறார்கள்.

தனி மெஷின் கட்டாயம் ஹெபடைடிஸ் பி-க்குத்தான். எச்சிவி-க்குத் தேவையில்லை என்கிறது கேடிகோ, ஆனாலும் நம் ஊரில் பல சென்டர்களில் ஒதுக்கி வைக்கிறார்கள், அதில் தப்பில்லை. ஆனால் மெஷினைவிட ஆட்களின் கையைத்தான் நான் கவனிப்பேன். அவர் கட்டிலில் அலாரம் அடிக்கிறது, நர்ஸ் ஓடிப்போய் பட்டனை அழுத்துகிறார், அதே கையுறையோடு உங்கள் ஃபிஸ்டுலா ஊசியைச் சரிசெய்கிறார். கண்ணுக்குத் தெரியாத துளி ரத்தம் போதும். மெஷின் பிரித்தும் தொற்று வருகிற சென்டர்களில் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

மாமாவுக்கு ஆர்என்ஏ பாசிட்டிவ். டயாலிசிஸில் இருப்பவர் மாத்திரை சாப்பிடலாமா?

தாராளமாக. சோஃபோஸ்புவிர், வெல்படாஸ்விர் சேர்ந்த மாத்திரை, பொதுவாக 12 வாரம், பெரும்பாலானவர்களுக்கு முழுசாகக் குணமாகிவிடும். தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018-ல் வந்தது, அதில் பரிசோதனையும் மருந்தும் இலவசம், அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள். வாயுவுக்கென்று பான்டப்ரசோல் சாப்பிடுகிறாரா? அப்படியானால் முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள், அது வெல்படாஸ்விரை உடம்பில் சரியாகச் சேரவிடாது. இதயத்துக்கு அமியோடரோன் எடுத்தால் அதையும் கட்டாயம் சொல்ல வேண்டும். மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்து ஆர்என்ஏ நெகட்டிவ் என்றால் குணம். அதன் பிறகும் எலைசா பாசிட்டிவ்வாகவே வரும், பயப்பட வேண்டாம், ஆனால் மறுபடி தொற்றாது என்று அர்த்தமில்லை, இவருக்கு இனி எப்போதும் ஆர்என்ஏ-தான் எடுக்க வேண்டும்.